கோடைக் கால்பந்து – வாசிப்பு முகாம்: முதன்முறை நடத்துவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

நார்த் கரோலைனாவில் ராலே, டர்ஹம், கேரி பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு இது பழகிய காட்சி. ஜூன் இரண்டாம் வாரம் பள்ளி மூடுகிறது. நம் பிள்ளைகளுக்கு நீச்சல் முகாம், ரோபோ முகாம், ஊருக்கு விமான டிக்கெட். இரண்டு மைல் தள்ளி இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மெக்ஸிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் குடும்பங்களின் பிள்ளைகளோ பத்துப் பதினோரு வாரம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். அப்பா கட்டட வேலைக்குப் போயிருப்பார், அம்மா உணவகத்திலோ துப்புரவு வேலையிலோ இருப்பார். பள்ளி தந்த மதிய உணவும் நின்றுவிடும், புத்தகமும் நின்றுவிடும்.

இந்தப் பிள்ளைகளுக்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நன்கொடைப் பணத்தில் ஒரு முகாம் தொடங்கினோம். ஆறு முதல் பதினோரு வயது வரை, நான்கு வாரம், திங்கள் முதல் வியாழன் வரை, காலை எட்டரை முதல் பன்னிரண்டு மணி வரை. முதலில் கால்பந்து, அப்புறம் வாசிப்பு, கடைசியில் சாப்பாடு. முதல் கோடையில் 40 இடம் வைத்திருந்தோம், வந்தவர்கள் 17 பேர். இரண்டாம் கோடையில் 40 இடமும் நிரம்பின. இடையில் நாங்கள் மாற்றியதில் முக்கியமானது இதுதான்: குடும்பங்களிடம் கேட்கும் காகிதத்தைக் குறைத்தோம், நாங்கள் தயார்செய்ய வேண்டிய காகிதத்தைக் கூட்டினோம். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

1. இடத்தையும் ஆட்களையும் முதலில் பிடியுங்கள் (செப்டம்பர் – நவம்பர்)

அடுத்த ஜூனில் முகாம் வேண்டுமென்றால் முந்தைய செப்டம்பரில் தொடங்குங்கள். இது மிகைப்படுத்தல் இல்லை. நாங்கள் முதல் முறை பிப்ரவரியில் தொடங்கி, மானியம், மைதானம், உணவு மூன்றிலும் நல்ல வாய்ப்புகளைத் தவறவிட்டோம்.

முதல் வேலை இடம் தேடுவது. நல்ல புல்தரை எங்கே இருக்கிறது என்று தேடாதீர்கள். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். நார்த் கரோலைனாவில் குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கு 2006 முதல் ஓட்டுநர் உரிமம் கிடையாது. பல வீடுகளில் ஒரே வண்டி, அதுவும் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடும். ஆகவே நான்கு மைல் தள்ளி அருமையான மைதானம் கிடைத்தாலும் பயனில்லை. நடந்து வரும் தூரத்தில் ஒரு தேவாலயக் கூடமும் அதன் பின்னால் கரடுமுரடான ஒரு புல்தரையும் இருந்தால் போதும். எங்கள் முதல் கோடையில் பாதிக்கு மேல் இடம் காலியாகக் கிடந்ததற்குத் தூரமும் ஒரு காரணம்.

இரண்டாவது வேலை, அந்தச் சமூகம் ஏற்கெனவே நம்பும் ஒருவரோடு கைகோப்பது. டர்ஹமில் எல் சென்ட்ரோ ஹிஸ்பானோ, ராலேயில் எல் புவெப்லோ போன்ற அமைப்புகள் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களுக்காகப் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. ஸ்பானிய மொழியில் வழிபாடு நடத்தும் தேவாலயம், பள்ளியில் பெற்றோர்களோடு பேசும் இருமொழிப் பணியாளர், ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களுக்குக் கால்பந்து லீக் நடத்துபவர் என்று ஒவ்வொரு ஊரிலும் யாராவது இருப்பார்கள். அவர்களிடம் திட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "இந்தக் கோடையில் உங்கள் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டு போங்கள். வாசிப்பு மட்டும் என்றால் பிள்ளைகள் வரமாட்டார்கள், கால்பந்து மட்டும் என்றால் அம்மாக்கள் முக்கியமாக நினைக்கமாட்டார்கள், இரண்டும் சேர்ந்தால் வருவார்கள் என்று எங்களுக்குச் சொன்னவர் ஒரு தேவாலயத்தின் சமையலறையில் வேலை செய்யும் பெண்மணி. அவர் சொன்னது அப்படியே நடந்தது.

ஒரு எச்சரிக்கை. நார்த் கரோலைனாவில் 'ரீட் டு அச்சீவ்' சட்டத்தின்படி, வாசிப்பில் பின்தங்கிய தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி மாவட்டமே கோடை வாசிப்பு முகாம் நடத்துகிறது. நம் முகாமுக்கு வரும் பிள்ளைகளில் பலர் அந்தப் பட்டியலிலும் இருப்பார்கள். நம் தேதியும் அந்தத் தேதியும் மோதினால் பிள்ளை இரண்டில் ஒன்றை இழக்கும். பள்ளி மாவட்டத்தின் தேதி வெளிவரும்வரை உங்கள் தேதியை அறிவிக்காதீர்கள். ஜூன் 19, ஜூலை 4 விடுமுறைகளையும் கணக்கில் வையுங்கள். ஆண்டு முழுவதும் இயங்கும் பள்ளிகள் இருக்கும் பகுதி என்றால் அந்த நாட்காட்டியையும் பாருங்கள்.

2. சட்டக் குடை: புதிய அமைப்பு பதிய அவசரப்படாதீர்கள்

"ஒரு அறக்கட்டளை பதிந்துவிடலாம்" என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. கணக்கைப் பாருங்கள். மாநிலத்தில் இலாபநோக்கற்ற நிறுவனமாகப் பதிய 60 டாலர். ஐ.ஆர்.எஸ். என்ற கூட்டரசு வரித் துறையிடம் 501-சி-3 தகுதி (வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை என்ற தகுதி) கேட்கும் 1023-ஈஇசட் படிவத்துக்கு 275 டாலர். ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் என்றால்தான் இந்தச் சிறிய படிவம், இல்லையென்றால் 600 டாலர் கட்டி முழு 1023 படிவம், பல மாதக் காத்திருப்பு. தகுதி கிடைத்த பிறகும் இயக்குநர் குழு, விதிமுறை, வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் 990-என் என்ற சிறு அறிக்கை தாக்கல் என்று வேலை தொடரும். மூன்று ஆண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் தகுதி தானாகவே பறிபோகும்.

முதல் ஓரிரு ஆண்டுக்கு இது தேவையில்லை. ஏற்கெனவே 501-சி-3 தகுதி உள்ள ஒரு அமைப்பை 'ஃபிஸ்கல் ஸ்பான்சர்' ஆக இருக்கச் சொல்லிக் கேளுங்கள். நன்கொடை அவர்கள் கணக்குக்குப் போகும், வரிவிலக்கு ரசீது அவர்கள் தருவார்கள், செலவை நாம் பில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இதற்காகப் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள்.

இந்த ஒப்பந்தத்தை வாய்மொழியாக விடாதீர்கள். எத்தனை சதவீதம், பில் கொடுத்தால் எத்தனை நாளில் பணம் வரும், முகாம் நடக்காமல் போனால் மீதி யாருக்கு, பிள்ளைக்கு அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்குப் பில் பணம் வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் எங்கள் கிரெடிட் கார்டுகளில்தான் முகாம் ஓடியது.

இன்னொன்று: 250 டாலரும் அதற்கு மேலும் தரும் நன்கொடையாளருக்கு எழுத்துப்பூர்வமான ஒப்புகைக் கடிதம் இருந்தால்தான் வரிக்கழிவு கிடைக்கும். கடிதம் அனுப்புவது யார் வேலை என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

3. பணம்: எவ்வளவு, எங்கிருந்து, எப்போது

எங்கள் இரண்டாம் கோடையின் கணக்கை அப்படியே தருகிறேன். உங்கள் ஊரில் விலை மாறும், ஆனால் எது பெரிய செலவு என்பது புரியும். 40 பிள்ளைகள், 16 நாட்கள்.

• இருமொழி வாசிப்பு ஆசிரியர் இருவர் (மணிக்கு 22 டாலர், நாளுக்கு 4 மணி நேரம்): 2,816
• வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய புத்தகங்கள் 200: 800
• மைதான அனுமதி: 640
• இன்ஷூரன்ஸ்: 600
• டி-ஷர்ட் 55: 440
• முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டு 40 ஜோடி: 360
• பேக்ரவுண்ட் செக் (குற்றப் பின்னணிச் சோதனை) 14 பேருக்கு: 350
• கூம்பு, பிப் (அணியைப் பிரித்துக்காட்டும் மேலாடை), சிறிய கோல் வலைகள்: 310
• கூடத்துக்கு மின்சாரச் செலவாகக் கொடுத்தது: 300
• பந்து 24: 288
• தண்ணீர், ஐஸ், முதலுதவி: 250
• அச்சு, மொழிபெயர்ப்பு: 150

மொத்தம் 7,304 டாலர். ஒரு பிள்ளைக்குச் சுமார் 183 டாலர். சாப்பாட்டுச் செலவு இதில் இல்லை, காரணம் ஐந்தாம் படியில் வரும். ஸ்பான்சர் 7 சதவீதம் எடுத்ததால் 7,304 டாலர் கையில் கிடைக்க நாங்கள் சுமார் 7,860 டாலர் திரட்ட வேண்டியிருந்தது. முதல் ஆண்டு இதை மறந்துவிட்டு, கடைசி வாரத்தில் புத்தகப் பணத்தில் கைவைக்க நேர்ந்தது. இன்றும் மனதை உறுத்தும் விஷயம் அது.

ஆசிரியர் சம்பளத்தைக் குறைத்துவிடலாம் என்று தோன்றும். குறைக்காதீர்கள். தன்னார்வலர்கள் பத்து நாள் வருவார்கள், ஆறு நாள் வரமாட்டார்கள். வாசிப்புக் குழுவுக்குத் தினமும் ஒரே முகம் வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் டி-ஷர்ட்டில் குறையுங்கள்.

எங்கிருந்து திரட்டுவது? நம் ஆட்களிடம் பெரிய வாய்ப்பு ஒன்று இருக்கிறது: வேலை செய்யும் நிறுவனத்தின் ஈடுநன்கொடை. பல தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியர் கொடுக்கும் டாலருக்கு டாலர் சேர்த்துக் கொடுக்கின்றன. சில நிறுவனங்கள் தன்னார்வ மணிநேரத்துக்கும் பணம் தருகின்றன. ஆனால் ஸ்பான்சர் அமைப்பின் பெயர் அந்த நிறுவனத்தின் நன்கொடைத் தளத்தில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சில வாரங்கள் ஆகும். ஈடுத்தொகை வந்துசேர இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். ஜூன் செலவுக்கான பணத்தை ஜனவரியிலேயே கேட்டுவிடுங்கள். தமிழ்ச் சங்க வாட்ஸாப் குழுவில் "ஒரு பிள்ளைக்கு 183 டாலர்" என்று கேட்டபோது வந்த பணம், "உங்களால் முடிந்ததைத் தாருங்கள்" என்று கேட்டபோது வந்ததைவிடப் பல மடங்கு அதிகம்.

மானியத்துக்கு ரோட்டரி, லயன்ஸ் கிளப், உங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சமூக அறக்கட்டளை ஆகியவற்றில் தொடங்குங்கள். டாலர் ஜெனரல் லிட்டரசி ஃபவுண்டேஷன் கோடை வாசிப்புக்கென்றே தனி மானியம் வைத்திருக்கிறது. கோடை மானியங்களின் விண்ணப்பக் காலம் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும், இதை மறக்காதீர்கள்.

4. அனுமதியும் இன்ஷூரன்ஸும் (ஜனவரி – மார்ச்)

உரிமம் பற்றி: நார்த் கரோலைனாவில், தொடர்ச்சியாக நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளைக் குழந்தைக் காப்பகச் சட்டம் தன் உரிம வரம்புக்குள் கொண்டுவருவதில்லை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம். பகல் முகாமுக்கும் உரிமம் கேட்கும் மாநிலங்கள் உண்டு. உங்கள் மாநிலத்தின் குழந்தைப் பராமரிப்புத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இன்ஷூரன்ஸில் மூன்று பகுதிகள் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடு, பெரும்பாலான மைதான உரிமையாளர்கள் நிகழ்வு ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலர் கேட்பார்கள். விபத்து மருத்துவக் காப்பீடு. பாலியல் துன்புறுத்தல் தொடர்பான பொறுப்புக் காப்பீடு, இது பல மலிவான பாலிசிகளில் இருக்காது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது பகுதி முகாம் பிள்ளைகளுக்கு மிக முக்கியம். கை முறிந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவு காப்பீடு இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப முடியாது, 1986 முதல் கூட்டரசுச் சட்டம் அப்படி. ஆனால் பில் வீட்டுக்கு வரும். மருத்துவக் காப்பீடு இல்லாத குடும்பத்துக்கு அந்த ஒரு பில்லே ஓராண்டுச் சேமிப்பைத் தின்றுவிடும். விபத்துக் காப்பீடு இருக்கிறது என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோதுதான் சில அப்பாக்களின் முகம் தெளிந்தது.

இப்போது எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பாலிசி வாங்கினோம், சான்றிதழும் வந்தது. மைதானம் யாருடையதோ அவர்களை 'அடிஷனல் இன்ஷூர்ட்' (கூடுதலாகக் காப்பீடு பெறுபவர்) என்று அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. முகாம் தொடங்கும் திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, மைதானப் பொறுப்பாளர் கேட்டைத் திறக்க மறுத்துவிட்டார். அவர்மேல் தவறில்லை. அன்று கார் நிறுத்துமிடத்தில் கூம்பு வைத்து விளையாடினோம். அனுமதிப் படிவத்தில் இருக்கும் முழுப்பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏஜெண்டிடம் கொடுங்கள். சான்றிதழ் திருத்த இரண்டு மூன்று வேலைநாள் ஆகும்.

5. மதிய உணவை விலைக்கு வாங்காதீர்கள் (பிப்ரவரி)

அமெரிக்க வேளாண் துறையின் கோடை உணவுத் திட்டம் 18 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகச் சாப்பாடு தருகிறது. உங்கள் பகுதிப் பள்ளியில் பாதியோ அதற்கு மேலோ பிள்ளைகள் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர்கள் என்றால் உங்கள் இடம் 'ஓப்பன் சைட்' ஆகலாம். அப்படியானால் பெற்றோரின் வருமானச் சான்று வேண்டாம், குடியுரிமை பற்றிய கேள்வியும் கிடையாது. முகாமில் சேராத தம்பி தங்கைகள்கூட வந்து சாப்பிடலாம்.

நீங்களே நேரடியாக விண்ணப்பிக்க முயலாதீர்கள். அந்தக் கணக்கு வழக்கு முதல் ஆண்டுக்காரர்களுக்குத் தாங்காது. பள்ளி மாவட்ட உணவுத் துறையோ உணவு வங்கியோ ஏற்கெனவே இந்தத் திட்டத்தில் இருக்கும். அவர்களிடம் "எங்களை ஒரு சைட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பிப்ரவரியில் கேளுங்கள். ஏப்ரலில் கேட்டால் அநேகமாகப் பட்டியல் மூடியிருக்கும். நம் பங்கு இவ்வளவுதான்: ஒருவர் பயிற்சிக்குப் போக வேண்டும், உணவின் வெப்பநிலையைக் குறித்துவைக்க வேண்டும், பாரபட்சம் இல்லை என்ற அறிவிப்பைச் சுவரில் ஒட்ட வேண்டும், தட்டு எடுக்கும்போதே ஒவ்வொரு பிள்ளையாக எண்ண வேண்டும். கடைசியில் மொத்தமாக எண்ணி எழுதினால் ஏற்கமாட்டார்கள்.

பெரியவர்களுக்கு இந்தச் சாப்பாடு கிடையாது. பிள்ளையை அழைத்துவரும் பாட்டியை வெறுங்கையோடு உட்கார வைப்பது நம் வழக்கமில்லை, ஆகவே அவர்களுக்கென்று காபியும் பிஸ்கட்டும் தனியாக வைத்தோம். முகாமைப் பற்றிய நல்ல பேச்சு அந்தக் காபி மேசையிலிருந்துதான் பரவியது.

6. தன்னார்வலர்கள் (மார்ச் – ஏப்ரல்)

பிள்ளைகளோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும் பேக்ரவுண்ட் செக் கட்டாயம். நண்பர், உறவினர், தேவாலயக்காரர் என்று யாருக்கும் விலக்கு வேண்டாம். அமைப்பாளர்களாகிய நீங்களே முதலில் செய்துகொண்டால் மற்றவர்கள் முகம் சுளிக்கமாட்டார்கள். எங்களுக்கு ஒருவருக்கு 25 டாலர் ஆனது. முடிவு வர ஒரு வாரம், பல மாநிலங்களில் வாழ்ந்தவர்களுக்கு மூன்று வாரம்.

அதோடு மூன்று விதிகளை அச்சடித்துக் கையொப்பம் வாங்குங்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. தங்கள் காரில் பிள்ளைகளை ஏற்றக்கூடாது. பிள்ளைகளோடு தனிப்பட்ட செய்தி அனுப்பக்கூடாது. தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்பதற்கு சி.டி.சி. என்ற கூட்டரசு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 'ஹெட்ஸ் அப்' இணையப் பயிற்சி இருக்கிறது, இலவசம். இன்னொரு சட்டக் கடமை: நார்த் கரோலைனாவில் பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் யாராக இருந்தாலும் கவுண்டியின் சமூக சேவைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். "ஆசிரியர்தானே சொல்ல வேண்டும்" என்று நினைக்கக்கூடாது.

எச்-1பி (வேலை), எச்-4 (அவர்களின் குடும்பத்தார்) விசாவில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பது: நாங்கள் உதவலாமா? அறப்பணி அமைப்பில், சம்பளமோ வேறு பலனோ வாங்காமல், பொதுவாகத் தன்னார்வலர்கள் செய்யும் வேலையைச் செய்வதில் தடையில்லை. ஆனால் "பெட்ரோல் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று மொத்தமாக ஒரு தொகையோ பரிசு அட்டையோ கொடுத்தால் வாங்காதீர்கள். அது ஊதியமாகப் பார்க்கப்படலாம். சந்தேகம் இருந்தால் உங்கள் விசா வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களை விட்டுவிடாதீர்கள். ஸ்பானியம் பேசும் பதினாறு வயது அண்ணனோ அக்காவோ ஒருவர் இருந்தால் நம் ஐந்து பேருக்குச் சமம். அவர்களுக்குச் சேவை மணிநேரச் சான்றிதழ் முறையாகக் கொடுங்கள், கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவும்.

7. அறிவிப்பும் பதிவுப் படிவமும் (ஏப்ரல் இறுதி – மே)

முதல் ஆண்டு நாங்கள் விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தவறு, மொழி. அறிவிப்பில் 'காம்பமெந்தோ' என்று போட்டோம். முகாம் என்பதற்கு அகராதி தரும் சொல் அது. பல அம்மாக்கள் பிள்ளைகளை இரவு தங்க வைத்துவிடுவோம் என்று நினைத்துவிட்டார்கள். மெக்ஸிகோக்காரர்கள் பகல்நேரக் கோடை வகுப்பை 'கூர்ஸோ தெ வெரானோ' என்பார்கள். அந்தச் சொல்லை மாற்றி, "காலை 8:30 – 12:00, இரவு தங்கல் இல்லை, இலவசம்" என்று பெரிய எழுத்தில் போட்ட பிறகு தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. மொழிபெயர்ப்பு மென்பொருளை நம்பி அச்சுக்குக் கொடுக்காதீர்கள். அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு, எல்லோருக்கும் ஸ்பானியம் தாய்மொழி என்று நினைத்தது. குவாத்தமாலாவிலிருந்து வந்த சில குடும்பங்களில் வீட்டு மொழி மாம், கிச்சே போன்ற மாயன் மொழி. ஸ்பானியம் அவர்களுக்கு இரண்டாம் மொழி, எழுதப் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம். இந்தியர் என்றாலே இந்தி பேசுவார் என்று யாராவது நினைத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வாட்ஸாப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவாக அனுப்பியது, அச்சடித்த தாளைவிட நன்றாக வேலை செய்தது.

மூன்றாவது தவறு, படிவம். பள்ளிப் படிவம் ஒன்றைப் பார்த்து நகலெடுத்து, பிறப்புச் சான்றிதழ், முகவரிச் சான்று, பெற்றோரின் அடையாள அட்டை எல்லாம் கேட்டோம். கூட்டத்தில் அறுபது பேர் பெயர் கொடுத்தார்கள், திரும்பி வந்த படிவம் கொஞ்சம்தான். அவர்கள் பேச்சில் 'பாப்பெலெஸ்' என்றால் வெறும் காகிதங்கள் இல்லை, குடியேற்ற ஆவணம் என்றே பொருள். காகிதம் கேட்கும் எவரையும் அவர்கள் பயத்தோடுதான் பார்ப்பார்கள். பள்ளி, தேவாலயம் போன்ற இடங்களில் குடியேற்றத் துறை நடவடிக்கையைக் கட்டுப்படுத்திய கூட்டரசு வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் விலக்கப்பட்ட பிறகு அந்தப் பயம் இன்னும் கூடியிருக்கிறது.

இரண்டாம் ஆண்டுப் படிவம் ஒரே பக்கம். அதில் இருந்தவை: பிள்ளையின் பெயர், வயது, வகுப்பு, ஒவ்வாமை அல்லது மருந்து, இரண்டு அவசரத் தொலைபேசி எண்கள், அழைத்துச் செல்ல அனுமதி பெற்ற மூன்று பேரின் பெயர், அவசரச் சிகிச்சைக்கு ஒப்புதல், கையொப்பம். அவ்வளவுதான். சோஷியல் செக்யூரிட்டி எண், பிறந்த நாடு, வேலை செய்யும் இடம் எதையும் கேட்காதீர்கள். மானியம் கொடுப்பவர் புள்ளிவிவரம் கேட்டால் பெயரில்லாத மொத்த எண்ணிக்கையாகக் கொடுங்கள். படிவங்களைப் பூட்டிய பெட்டியில் வையுங்கள். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று ஸ்பான்சரிடமும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டிடமும் கேட்டு, அந்தக் காலம் முடிந்ததும் கிழித்து அழியுங்கள்.

மூன்று பேரின் பெயர் கேட்பது சும்மா இல்லை. அம்மா ஒருநாள் வரமுடியாமல் போனால் பிள்ளையை யாரிடம் கொடுப்பது என்பது முன்பே தெரிய வேண்டும். வெளியார் யாராவது அதிகாரப்பூர்வமாக வந்து கேள்வி கேட்டால் தன்னார்வலர்கள் பதில் சொல்லக்கூடாது, பொறுப்பாளர் ஒருவரே பேச வேண்டும். அவர் என்ன சொல்லலாம் என்பதை ஸ்பான்சரின் வழக்கறிஞரிடம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

புகைப்படம்: நன்கொடையாளர்கள் படம் கேட்பார்கள். தனி ஒப்புதல் இல்லாமல் எந்த முகமும் வெளியே போகக்கூடாது. நாங்கள் பந்தை, கால்களை, விரித்த புத்தகங்களை மட்டும் எடுத்து அனுப்பினோம். யாரும் குறை சொல்லவில்லை.

பெயர் எழுதுவதில் ஒரு சிறு விஷயம். இந்தக் குடும்பங்களில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள், முதலில் அப்பா வழி, அடுத்தது அம்மா வழி. கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று வரிசைப்படுத்தினால் ஒரே பிள்ளை இரண்டு பட்டியலில் இரண்டு ஆளாக வரும். இனிஷியலோடு அமெரிக்காவுக்கு வந்த நமக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. பிள்ளையிடமே கேட்டு, அது சொல்லும் பெயரில் அட்டை எழுதுங்கள்.

8. மைதானம்

நம் ஊர்க் கத்திரி வெயில் பழகியவர்கள் இந்த ஊர் வெயிலை லேசாக எடைபோடுவார்கள். ஜூன், ஜூலையில் புழுக்கம் கடுமையாக இருக்கும். கால்பந்தைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர். இடி கேட்டால் எல்லோரும் உள்ளே, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மறுபடி வெளியே.

பந்தின் அளவு: எட்டு வயதுக்குக் கீழே 3-ம் எண், எட்டு முதல் பன்னிரண்டு வரை 4-ம் எண். முழு மைதானத்தில் பதினொரு பேர் வைத்து ஆடவிடாதீர்கள், சிறியவர்களுக்கு நான்குக்கு நான்கு போதும், எல்லோர் காலிலும் பந்து படும். பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டக்கூடாது என்பது யு.எஸ். சாக்கர் (அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு) விதி. கிளீட்ஸ் ஷூ (அடியில் குமிழ் வைத்த கால்பந்துக் காலணி) கட்டாயம் என்று அறிவிப்பில் போட்டால் வாங்க முடியாதவர்கள் பேசாமல் ஒதுங்கிவிடுவார்கள். சாதாரண ஷூ போதும் என்று போடுங்கள். பழைய கிளீட்ஸ் சேகரித்து, அளவு எழுதி, ஒரு மூலையில் வைத்துவிடுங்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

பெண் பிள்ளைகள் ஓரமாக நின்றுவிடுகிறார்கள் என்றால் ஒரு பெண் பயிற்சியாளரை அழையுங்கள். எங்களுக்கு வந்தவர் உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடிய பெண். மறுநாளே ஓரத்தில் யாரும் இல்லை.

9. வாசிப்பு நேரம்

விளையாடி வியர்த்த பிள்ளைகளை உடனே உட்கார வைத்தால் தூங்கிவிடுவார்கள். கை கால் கழுவி, பழமோ தண்ணீரோ கொடுத்து, முதல் பத்து நிமிடம் பெரியவர் ஒருவர் சத்தமாகக் கதை படிக்கட்டும். அதன்பின் ஐந்தாறு பேராகப் பிரியுங்கள். வயதை வைத்துப் பிரிக்காமல் வாசிப்பு நிலையை வைத்துப் பிரியுங்கள், ஆனால் குழுவுக்கு அணிப் பெயர் வையுங்கள். எது தாழ்ந்த குழு என்று பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது. முதல் வாரம் யாரையும் எழுந்து நின்று படிக்கச் சொல்லாதீர்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்கள். பேசுவார்கள் என்பதாலேயே படிக்கும் சிக்கல் வெளியே தெரியாது. ஸ்பானியம் பேசுவார்கள், ஆனால் அதில் படித்துப் பழக்கமிருக்காது. நம் வீட்டுப் பிள்ளைகளின் தமிழும் இப்படித்தானே. இருமொழிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தால் அம்மா ஸ்பானியப் பக்கத்தையும் பிள்ளை ஆங்கிலப் பக்கத்தையும் படிக்கலாம். ஒரு அம்மா என்னிடம், "இவ்வளவு நாள் அவன் வீட்டுப்பாடத்தில் நான் உதவ முடியவில்லை, இப்போது நானும் பக்கத்தில் உட்காருகிறேன்" என்றார். 800 டாலரை நாங்கள் எங்கே செலவழித்தோம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

புத்தகத்துக்கு: குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகள் 70 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் திட்டங்களுக்கு 'ஃபர்ஸ்ட் புக்' அமைப்பு புதிய புத்தகங்களை மிகக் குறைந்த விலையில் தருகிறது. பதிவு இலவசம், ஒப்புதல் வரச் சில நாள் ஆகும். எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் 1996 முதல் லத்தீனோ சிறுவர் இலக்கியத்துக்கு வழங்கப்படும் புரா பெல்ப்ரே விருதுப் பட்டியலைப் பாருங்கள். பழைய புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கொடுப்பவர்களிடம் அன்போடு மறுத்துவிடுங்கள். கிழிந்த அட்டையைக் கையில் வாங்கும்போது பிள்ளைக்கு என்ன தோன்றும் என்று யோசியுங்கள்.

பொது நூலகத்தின் கோடை வாசிப்புத் திட்டம் இலவசம். மே மாதமே குழந்தைகள் பிரிவு நூலகரைப் பாருங்கள், வாரம் ஒருநாள் அவரே வந்து கதை சொல்லக்கூடும். நூலக அட்டைக்கு என்ன ஆவணம் வேண்டும் என்பதையும் முன்பே கேளுங்கள். முகவரிச் சான்று கேட்கும் நூலகமாக இருந்தால் பிள்ளைகளுக்கு மாற்று வழி இருக்கிறதா என்று கேட்டுவைத்துக்கொண்டு பெற்றோரிடம் பேசுங்கள்.

10. தொடங்குவதற்கு முந்தைய வாரம்

பெற்றோர் கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு மேல் வையுங்கள், வேலை முடிந்து வர அவகாசம் வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லுங்கள். நேரம், கேட், அழைத்துச் செல்லும் விதி, விபத்துக் காப்பீடு, புகைப்பட விதி ஆகிய ஐந்தையும் சொல்லி முடித்ததும், என்னென்ன கேட்கமாட்டோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு பையில் இவற்றைப் போட்டு வாசலருகே வையுங்கள்: படிவங்களின் நகல், இன்ஷூரன்ஸ் சான்றிதழ், மைதான அனுமதிக் கடிதம், முதலுதவிப் பெட்டி, பெயர் எழுதிய இன்ஹேலர்கள், விசில், கூடுதல் தண்ணீர், நீளமான காலுறை பத்து ஜோடி. காலுறை எதற்கு என்று முதல் நாளே புரியும். ஷின் கார்டை வெறுங்காலில் கட்டிக்கொண்டு நான்கு பேராவது வந்து நிற்பார்கள்.